பவுசியா அக்காவின் பத்து விரல்

பவுசியா அக்காவுக்கு விரல் பத்தும் ஒழுங்காகத்தான் இருந்தன. சென்னையில் ஒரு மெஷின் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கூத்தைச் சொல்வதற்கு முன்னால் அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் திட்டியே தீர்த்துவிடுவாள்.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் சின்ன ஆலை ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மெஷினில் வேலை பார்க்கிறோம். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். அக்கா இடது கையால் கொட்டையை இரண்டு கத்திகளுக்கு நடுவில் வைப்பாள், காலால் மிதிப்பாள், வலது கையால் கைப்பிடியை அமுக்குவாள். ஓடு பிளந்துகொள்ளும். எதிரே உட்கார்ந்திருக்கும் சிவரஞ்சனியாகிய நான், சின்ன ஊசியால் பருப்பை உடையாமல் நோண்டி எடுப்பேன். அக்காவின் கை வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம். வாய் வேகத்துக்கு யாராலும் முடியாது. மகள் ரூமானா திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் கேட்க ஆள் இல்லாததால், அத்தனை பேச்சையும் மூட்டை கட்டி ஆலைக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பொல்லாதது. பட்ட இடம் கருக்கும், கொப்புளிக்கும், பிறகு தோல் உரியும். அதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே காவல் விளக்கெண்ணெய். காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் உள்ளங்கையில் ஊற்றி முழங்கை வரை தேய்த்துக்கொள்வோம். அக்கா பிஸ்மி சொல்லிவிட்டுத் தேய்ப்பாள், நான் முருகா என்று சொல்லிவிட்டுத் தேய்ப்பேன். தேய்க்காமல் கொட்டையைத் தொட்டவள் என்று எங்கள் ஆலையில் ஒருத்தியும் கிடையாது.

கையுறை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வெள்ளைத் துணிக் கையுறை, ஒரு அட்டைப்பெட்டி நிறைய. வெளியிலிருந்து யாராவது ஆலையைப் பார்வையிட வந்தால், சூப்பர்வைசர் ஆத்மநாதன் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுப்பார். அவர்கள் கார் ஏறிப் போனதும் திரும்ப வாங்கி, தூசி தட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார். அக்கா அதற்கு ‘பொண்ணு பாக்குற கிளவுஸ்’ என்று பெயர் வைத்திருந்தாள். எங்களுக்கும் அதன் மேல் ஆசை இல்லை. கையுறை போட்டால் கொட்டை கைக்குப் பிடிபடாது, வேகம் போய்விடும் என்று நாங்களே சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அக்காவின் வீட்டுக்காரர் இக்பால் அண்ணனுக்குச் சொந்த ஊர் மீமிசல். கடல்காரக் குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுப்பார் என்பதால், சவூதியில் தம்மாமுக்கு இரும்பு வேலைக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வந்துவிடுவார். இந்தத் தடவை மூன்றரை வருடம் ஆகியும் ஆளைக் காணோம். முதலில் ஆள் பற்றாக்குறை என்றார். பிறகு, மெஷின் வேலையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், புரமோஷன், புதுப் பொறுப்பில் உட்கார்ந்த கையோடு லீவு கேட்க முடியாது என்றார். புரமோஷன் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அக்கா லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். எனக்கு இரண்டு கிடைத்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வீடியோவில் வருவார். போனை மூஞ்சிக்கு அவ்வளவு பக்கத்தில் பிடித்துக்கொள்வார்.

“கொஞ்சம் தள்ளிப் புடிங்க மச்சான். மீசையும் மூக்குந்தான் தெரியுது. மூக்குக்குள்ள இருக்குற முடியப் பாக்கவா நான் சோத்தை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்?”

“இங்க ரூம்ல எடம் இல்லடி.”

“அப்ப ரூமுக்கு வெளிய வந்து பேசுங்க.”

இப்படி எல்லாவற்றையும் சிரிப்பாக்குகிறவள், ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சாப்பிடாமல் இருந்தாள். “மூணரை வருஷமா மூஞ்சியப் பாக்குறேன் ரஞ்சனி. கையப் புடிச்சு மூணரை வருஷமாச்சு. அங்கிட்டு வேற யாரும் இருக்காளோன்னு கூடத் தோணுது” என்றாள். கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடு அவளைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. எனக்கு இக்பால் அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். “நீங்க வர வேணாம். நான் வாரேன். விசா எடுங்க.” அண்ணன் வெயில் என்றார், வீட்டு வாடகை என்றார், ஒட்டக வாசனை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அக்கா விடவில்லை. கடைசியில் மூன்று மாதத்துக்கு வந்து இருக்கிற மாதிரி விசாவுக்கு ஏற்பாடு செய்தார்.

அந்த விசாவுக்காகக் கைரேகை கொடுக்கத்தான் சென்னைக்குப் போனாள். பத்து விரலும் பதிய வேண்டும். அக்கா பச்சைக் கண்ணாடி மேல் கையை வைத்தாள். மெஷின் பதியவில்லை என்றது. துடைத்துவிட்டு வைத்தாள். பதியவில்லை. அங்கிருந்த பையன் ஈரத் துணி கொடுத்தான், விரலை மேலே வைத்து அமுக்கிப் பார்த்தான். பதியவில்லை. அத்தனை வருடம் முந்திரி எண்ணெய் தின்று தின்று, அக்காவின் விரல் நுனிகள் கோடு இல்லாமல் வழவழவென்று கிடந்தன.

“விரல் இருக்குல்ல தம்பி? வேணும்னா எண்ணிப் பாத்துக்கங்க” என்று அக்கா சண்டைக்குப் போயிருக்கிறாள். அந்தப் பையன் பொறுமைசாலி. கைக்கு ஒரு மாதம் எந்த மருந்தும் எண்ணெயும் படாமல் பார்த்துக்கொண்டு, புதுத்தோல் வந்ததும் வரச் சொல்லி அனுப்பினான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நானும் சொன்னேன். சீசன் நேரம், எழுந்தால் மெஷினுக்கு வேறு ஆள் வந்துவிடும் என்றாள். உண்மையான காரணம் வேறு. ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க அவளால் முடியாது. ஆகவே வேலையும் நடக்க வேண்டும், விரலில் கோடும் முளைக்க வேண்டும். கையுறையைக் கேலி பேசியே பொழுதைப் போக்கிய பவுசியா அக்கா, கையுறை தேட ஆரம்பித்த கதை இதுதான்.

முதலில் பொண்ணு பாக்குற கிளவுஸ். ஆத்மநாதன் மனமே இல்லாமல் ஒரு ஜோடி கொடுத்தார். மத்தியானத்துக்குள் அந்த வெள்ளைத் துணி, எண்ணெயெல்லாம் குடித்துக் கருப்பாகி, விரலோடு ஒட்டிக்கொண்டது. வெறுங்கையோடு வேலை பார்த்தால் எண்ணெய் பட்டதும் துடைத்துவிடுவோம். இது நாள் முழுக்க எண்ணெயை விரலோடு சேர்த்துக் கட்டிவைத்த கணக்காக ஆகிவிட்டது. சாயங்காலம் கழற்றினால் புதிதாக நாலு கொப்புளம்.

வீடியோவில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “துணி எண்ணெயைக் குடிக்கும்டி. கண்ணாடி, தகரம் தூக்குறதுக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு, எண்ணெய்க்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு. சில மெஷின்கிட்டப் போகையில கிளவுஸே போடக் கூடாது, தெரியுமா?”

“போடுங்குறீங்க, போடாதங்குறீங்க. ஸ்டோர்ல ஒக்காந்ததும் ஒரேடியா வாத்தியாராயிட்டீங்க மச்சான்!”

அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ரப்பர் கையுறை வாங்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, ரோஸ் நிறம், கடைத்தெருவில் கிடைத்தது. முதல் நாள் பிரமாதம். ஆலையில் எல்லோரும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் அது லேசாக உப்பியது. மூன்றாம் நாள் கொழகொழவென்று பாயசத்தில் ஊறிய அப்பளமாகி, பெருவிரல் பக்கம் கிழிந்து விரல் வெளியே எட்டிப் பார்த்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மறுபடி ஒரு ஜோடி வாங்கினாள். அதுவும் அப்படியே. மூன்றாவது ஜோடிக்குக் கடையில் போய்ச் சண்டையே போட்டாள். நானும் துணைக்குப் போய் என் பங்குக்கு இரண்டு வார்த்தை போட்டேன்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வெளிய இருந்து கிழியுதா, உள்ள இருந்தா?” என்றார்.

“உள்ளதான் மொதல்ல கொழகொழங்குது.”

“உள்ள என்ன போடுறே?”

“கையத்தான் போடுறேன்.”

“கையில?”

“விளக்கெண்ணெய். தேய்க்காம எப்புடி மச்சான் மெஷின்ல ஒக்கார்றது?”

அண்ணன் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. பாத்திரம் கழுவுற ரப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாதாம். வெளியே முந்திரி எண்ணெய், உள்ளே விளக்கெண்ணெய் என்று இரண்டு பக்கமும் ஊறப் போட்டால் அது என்ன செய்யும்? கையுறை போட்ட பிறகும் விளக்கெண்ணெய் எதற்கு என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. பல் தேய்ப்பது போல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பாவம் அந்தக் கடைக்காரன். இன்றுவரை எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுகிறான்.

அடுத்து ஆத்மநாதன் களத்தில் இறங்கினார். புதுக்கோட்டைக்குப் போனவர், வெல்டிங் பட்டறைக்காரர்கள் போடும் தோல் கையுறை ஒன்றை வாங்கிவந்தார். முழங்கை வரை வந்தது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு ஒரு கொட்டையை எடுக்கப் போனால் கையில் ஏழெட்டு வந்தது, ஒன்றும் வராமலும் போனது. அரை மணி நேரம் நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். “சார், இதப் போட்டுக்கிட்டு ஒங்கள வேணா அறையலாம், கொட்டை ஒடைக்க முடியாது” என்று அக்கா கழற்றிக் கொடுத்தாள்.

எண்ணெய் தாங்குகிற பச்சைக் கையுறை என்று ஒன்று இருக்கிறது, நைட்ரைல் என்று கேட்டு வாங்கு என்று அண்ணன் சொன்னார். ஆத்மநாதன் மறுபடி போனார். இந்த முறை சரியான சரக்கைத்தான் வாங்கினார். ஆனால் தன் கையில் போட்டுப் பார்த்து வாங்கிவந்துவிட்டார். ஆத்மநாதன் கை என்றால் முறம் மாதிரி இருக்கும். அக்காவுக்கு ஒவ்வொரு விரலுக்கு மேலேயும் ஒரு துண்டு காலியாக ஆடியது. இருக்கட்டும், காற்றோட்டமாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை. அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தபடி கைப்பிடியை அமுக்கினாள். கத்தி இறங்கியது. கொட்டையோடு சேர்ந்து ஒரு பச்சை விரல் நுனி என் மடியில் வந்து விழுந்தது.

நான் கத்திய கத்தலில் முதலாளி அறையிலிருந்து ஓடிவந்தார். அதற்குள் ஆத்மநாதன் அந்த விரலைப் பார்த்துவிட்டு, “ஐயையோ” என்றபடி கொட்டை மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். அக்கா மட்டும் இடது கையைத் தூக்கி, நிதானமாகக் கையுறையைக் கழற்றி, விரல்களை ஆட்டிக் காட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. வெட்டுப்பட்டது ஆள்காட்டி விரலுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த காலித் துண்டு. “கிளவுஸுக்குத்தான் வெரல் போச்சு. சாருக்கு யாராச்சும் தண்ணி தெளிங்க” என்றாள். ஆலை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வர நேரமானது. மடியில் விழுந்தது அவள் விரலாக இருந்திருந்தால் என்று நினைத்து, அவள் விரல்களை மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

மதியம் வீடியோவில் அக்கா அந்த மூளிக் கையுறையைக் காட்டி, ஆத்மநாதன் மயங்கியதை நடித்தே காட்டினாள். அண்ணன் சிரிக்கவில்லை. எந்த விரல் என்று கேட்டார். இடது கை ஆள்காட்டி விரல் என்றதும் அவர் முகம் போனிலிருந்து விலகி, வெறும் சுவர்தான் தெரிந்தது.

“என்ன மச்சான், லைன் போச்சா?”

“நாளைக்கு அந்தக் கிளவுஸப் போடாத. சத்தியமாச் சொல்லு. போடாத. உள்ளங்கையச் சுத்தி அளவெடுத்துச் சொல்லு. நான் இங்கேருந்து அனுப்புறேன்.”

குரல் ஒரு மாதிரி இருந்தது. அக்கா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. தையல் டேப்பை வைத்து அளந்து ஏழு அங்குலம் என்று சொன்னாள். சொன்ன கையோடு, “கல்யாணமாகி ரூமானாவுக்கே பத்தொம்பது வயசாச்சு. இன்னைக்கு வரைக்கும் என் கைக்குச் சரியா ஒரு வளையல் வாங்கத் தெரியல. கிளவுஸுக்கு மட்டும் அளவு கேக்குறாரு!” என்று தன் மாப்பிள்ளையை எனக்குக் காட்டிக் கொடுத்தாள்.

தம்மாமிலிருந்து லீவில் வந்த ஒருவர் கையில் பார்சல் வந்தது. பார்சல் வந்திருக்கிறது என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்காது. செண்டா, நகையா என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. அக்கா பெருமையாகப் பிரித்தாள். உள்ளே ஒரு சோப்பு, ஒரு தைலம், மிச்சமெல்லாம் கையுறை. வியர்வைக்கு உள்ளே போட மெல்லிய துணி உறை, அதற்கு மேலே போட நீளமான பச்சைக் கையுறை. எல்லாம் ஏழாம் நம்பர். கூட்டம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கலைந்தது. அக்கா ஒன்றைப் போட்டு விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. தரையில் கிடந்த ஒரு ஊசியை எடுத்துக் காட்டினாள். “வளையல விட இது நல்லாருக்குடி” என்றாள்.

விளக்கெண்ணெயை நிறுத்தச் செய்வதுதான் பெரும்பாடாகப் போனது. கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். நான் பாட்டிலை எடுத்து ஒளித்துவைத்தேன். நாலைந்து நாளில் வேகமும் பழையபடி வந்துவிட்டது. அதன் பிறகு அக்காவுக்கு ஒரே வேலை, கோடு முளைத்ததா என்று பார்ப்பது. அதற்கு அவள் கண்டுபிடித்த கருவி ஆத்மநாதனின் மூக்குக்கண்ணாடி. தினமும் காலையில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும் சமயம் பார்த்துப் பெருவிரலை அதில் அமுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். முதல் வாரம் வெறும் வழுக்கல். அப்புறம் ஓரத்தில் ஒரு வளைவு. பிறகு ஒருநாள், “வந்துருச்சு! கோலம் மாதிரி சுத்திச் சுத்தி வந்துருச்சு!” என்று கத்திக்கொண்டு ஆலையைச் சுற்றி ஓடினாள். ஆத்மநாதன் கண்ணாடி இல்லாமல் அவள் பின்னால் ஓடினார். அந்த வாரமே முதலாளி எங்கள் எல்லோர் உள்ளங்கைக்கும் அளவெடுக்கச் சொன்னார்.

சென்னை மெஷின் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. பத்து விரலும் பதிந்தன. அக்கா விமானம் ஏறினாள். பெட்டியில் வறுத்த முந்திரி, நார்த்தங்காய் ஊறுகாய், கூடவே அந்த மூளிக் கையுறை. ஆத்மநாதன் மயங்கி விழுந்த கதையை நேரில் ஒரு தடவை நடித்துக் காட்ட வேண்டுமாம்.

மிச்சத்தை அங்கிருந்து அவளே போனில் சொன்னாள். விமான நிலையத்தில் அண்ணன் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். பெட்டியை வலது கையால் இழுத்துக்கொண்டு வந்தார். இடது கை பேண்ட் பைக்குள்ளேயே இருந்தது. டாக்சியில் அக்கா அவருக்கு இடது பக்கம் உட்காரப் போனபோது, வெயிலடிக்கும் என்று வலது பக்கத்துக்கு மாற்றினார். மூன்றரை வருடம் கழித்துப் பார்க்கிற கூச்சம் என்று நினைத்து அக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாளாம்.

அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்ததும் முதலில் கையுறையை எடுத்து வீசினாள். “இந்தாங்க, ஆம்பள சைஸு. போட்டுக்கிட்டு நில்லுங்க, நான் ஆத்மநாதன் சார் மாதிரி விழுந்து காட்டுறேன்” என்று கட்டில் பக்கம் போய் நின்றாள்.

அண்ணன் கையுறையைக் குனிந்து எடுத்தார். பிறகு பேண்ட் பையிலிருந்து இடது கையை எடுத்து அதற்குள் நுழைத்தார். நாலு விரல் சரியாகப் போய் உட்கார்ந்தன. கையுறையில் நுனி வெட்டுப்பட்டிருந்த ஆள்காட்டி விரலுக்குள்ளும் அவர் விரல் சரியாக உட்கார்ந்தது. ஓட்டை வழியாக எதுவும் வெளியே வரவில்லை.

அக்கா கட்டிலில் விழவில்லை, உட்கார்ந்துவிட்டாள்.

“துளை போடுற மெஷின்டி. கிளவுஸ் போட்டாப் பத்திரம்னு துணி கிளவுஸப் போட்டுக்கிட்டு நின்னேன். சுத்துற மெஷின்கிட்ட அதப் போடக் கூடாதுன்னு எனக்கு அப்பத் தெரியாது. நூலப் புடிச்சு இழுத்துச்சு, வெரலும் சேந்து போச்சு. அப்புறந்தான் ஸ்டோருக்கு மாத்துனாங்க.”

“ஏன் மச்சான் சொல்லல?”

“சொன்னா நீ அழுவியே.”

“இப்ப என்ன சிரிக்கிறேனா?”

அழுதாளாம். கையுறையைக் கழற்றி, அந்தக் குட்டை விரலைத் தன் பத்து விரலுக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டு அழுதாளாம். இதற்காகவா மூன்றரை வருடம் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு அழுதாளாம். அழுதுகொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று புரமோஷன் ஞாபகம் வந்திருக்கிறது. எழுந்து அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“அடப் பாவி மச்சான்! இந்த வெரலுக்கா நான் தெரு முழுக்க லட்டு குடுத்தேன்?”

இதைச் சொல்லும்போது போனில் அக்கா சிரித்தாள், பின்னால் அண்ணனும் சிரிப்பது கேட்டது. நான்தான் சிரிக்கவில்லை. அந்த லட்டில் இரண்டு நான் தின்றது.